சம்பந்தி வாங்கிக் குடுத்த செட்டு

அந்தப் பையைச் சித்தெ உள்ள தள்ளி வெச்சுக்கறனுங்க. உங்க காலுல தட்டுதுங்களா? கண்டக்டரு பின்னாடி டிக்கியில போடச் சொன்னாப்ல, நாந்தான் வேண்டாம்னுட்டேன். டிக்கியில போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக் கீறல் விழுந்துரும். துப்பாக்கியெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. கோல்ஃப் ஆடற மட்டைங்க. பாத்தா அப்படித்தான் தெரியும், போன தடவை என்ற பழைய பையைப் போலீஸ்காரரே ஒருத்தரு தொறந்து காட்டச் சொன்னாரு.

நீங்களும் கரூர்தானுங்களா? வெள்ளகோயிலா. சரி சரி. அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

இந்த பஸ்ஸு நம்ம பட்டறையில கட்டுனதுதானுங்க. கரூர் பைபாஸ்ல பஸ் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறனுங்க. நாச்சிமுத்துன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. ஊட்டுல காரு நிக்குது. ஆனாலும் கோயமுத்தூரு போக வர நான் பஸ்ஸுலதான் வருவேன். நாம கட்டுன பாடி எங்க கடகடங்குதுன்னு உக்காந்து கேட்டாத்தானே தெரியும்? இப்பக் கேக்குது பாருங்க. அந்த ஜன்னல்தான். ரப்பரு விட்டுருச்சு.

நம்ம தொழில்ல ஒண்ணு பாத்துக்கிட்டீங்கன்னா, எல்லாமே தோற்றந்தானுங்க. ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸு நிக்குது. ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போகுது. ஜனம் எதுல ஏறும்? என்ஜினைத் தொறந்து பாத்தா ஏறும்? மூஞ்சியப் பாத்துத்தான் ஏறும். முன்னாடி கண்ணாடி நல்லா அகலமா, லைட்டு ரெண்டும் கண்ணு மாதிரி எடுப்பா, பெயிண்டு பளபளன்னு இருந்துச்சுன்னா, அது ஓட்டை பஸ்ஸா இருந்தாலும் சீட்டு ரொம்பிப்போகும். ஆள் பாதி ஆடை பாதின்னு சும்மாவா சொன்னாங்க. எங்கூட்டம்மா ருக்குமணி மட்டும் ஒத்துக்க மாட்டா. அழகு சோறு போடுமான்னு கேப்பா. முப்பது வருஷமா நமக்கு அதுதானே சோறு போடுது அம்மணின்னா மூஞ்சியத் திருப்பிக்குவா.

இந்த மட்டையில வந்த வெனையும் அழகால வந்ததுதானுங்க. ஆனா என்ற பேர்ல தப்பில்லை. கடைக்காரன் பேர்ல இருக்குது. கொஞ்சம் சம்பந்தி பேர்லயும் இருக்குது. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என்ற பொண்ணு கோகிலவாணிக்கு கோயமுத்தூர்ல ஒரு வரன் வந்துச்சு. பையன் பேரு நிரஞ்சன். அவங்கப்பா சென்னியப்பன், பம்பு மோட்டாரு கம்பெனி, பெரிய இடம். சாதகம் பொருந்திருச்சு. பையனுக்குப் புள்ளையப் புடிச்சிருச்சு, புள்ளைக்கும் புடிச்சிருச்சு. ஆனா பேச்சு மட்டும் இழுத்துக்கிட்டே இருந்துச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். நாம பட்டறைக்காரங்க. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல கிரீசு போகாது. அவிய சொந்தத்துல எவனோ அதைச் சொல்லியிருக்கறான்.

வரன் கொண்டாந்த தரகரு என்ன பண்ணிட்டாரு, நம்மளக் கொஞ்சம் ஒசத்திக் காட்டறதா நெனச்சுக்கிட்டு, "பொண்ணோட அப்பாவும் உங்களையாட்டமே கோல்ஃப் ஆடறவருங்க"ன்னு அளந்து விட்டுட்டாரு. கரூர்ல ஏதுங்க கோல்ஃபு? எருமை மேயற எடந்தான் இருக்குது. சம்பந்தி அதைக் கேட்டு, "அப்படீங்களா, அப்ப ஒரு நாளைக்கு எங்க கிளப்புக்கு வரச் சொல்லுங்க, ஆடிக்கிட்டே பேசி முடிச்சுக்கலாம்"னு சொல்லிட்டாரு.

நான் என்ன பண்ணுவேன்? பொண்ணு அதுக்குள்ள அந்தப் பையன்கிட்ட போன்ல பேச ஆரம்பிச்சிருச்சு. அது மூஞ்சியப் பாத்துட்டு இல்லைன்னு சொல்ல முடியுங்களா. அந்தச் சமயம் பஸ் ஏசி சாமானம் பாக்கறதுக்குச் சிங்கப்பூரு போக வேண்டியிருந்துச்சு. அங்கயே ஒரு கடைக்குப் போனனுங்க. நெனப்பு என்னன்னா, ஆடவா போறோம், செட்டைத் தூக்கிக்கிட்டுப் போயி நிப்போம், இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டுப் பேசி முடிச்சுட்டு வந்துருவோம். அப்ப ஆட்டம் எதுக்கு வேணும்? தோற்றந்தானே வேணும்.

கடையில ஒரு தம்பி வந்தாப்ல. நம்ம பாஷை பேசற தம்பிதான். என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "சார், புதுசா ஆடறவங்களுக்கு இதுதான் நல்லது"ன்னு ஒரு செட்டை எடுத்து வெச்சாப்ல. அட, அதைப் பாக்கணுமே. மட்டையோட தலை ஒவ்வொண்ணும் தடி தடியா, முதுகுல குழி வேற, தோசைக்கரண்டியில பாதி, ஆப்பச்சட்டியில பாதி. "தப்பா அடிச்சாலும் இது நேரா கொண்டு போயிரும் சார், ஆடறதுக்குச் சௌகரியம்"னு சொல்லுது. எனக்குப் புசுக்குனு கோவம் வந்துருச்சு. என்னையப் பாத்தா புதுசா ஆடறவனாட்டந் தெரியுதா? நீ போ தம்பி, நானே பாத்துக்கறேன்னு அனுப்பிட்டேன்.

அப்பத்தான் கடைசி மூலையில அந்தச் செட்டு நின்னுச்சுங்க. கருக்குன்னு இருக்குது, கத்தி மாதிரி ஒல்லியா, ஒரு கோடு கூடக் கோணலில்லை. தலையில கை வெச்சா வழுக்குது. அதைப் பாத்ததும் என்ற மனசு அங்கயே உக்காந்துருச்சு. ஒண்ணை எடுத்துக் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேன். நான் கூடக் கொஞ்சம் ஒசந்த மாதிரி தெரிஞ்சேன். தள்ளுபடி வேற போட்டிருந்தான். பில்லு போடற பொம்பளை என்னையப் பாத்தா, செட்டைப் பாத்தா, மறுபடி என்னையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. நம்ம ரசனையைப் பாத்துச் சிரிக்கறான்னு நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

பல்லடம் வந்துருச்சுங்களா? இங்க நிறைய ஆளு ஏறும். காலை மடக்கிக்கங்க.

கோயமுத்தூரு கிளப்புக்குப் போனேன். புல்லுன்னா புல்லு, கம்பளி விரிச்சாப்ல. சம்பந்தி நாலு பெரிய மனுசங்களோட நின்னுக்கிட்டிருந்தாரு. வாங்கன்னாரு, அவ்வளவுதான். சிரிப்புக் கூடப் பாதிதான் வந்துச்சு. நான் செட்டைக் கொண்டுபோயி வெச்சேன். அதுல ஒண்ணை உருவிப் பாத்தாரு பாருங்க. அப்படியே நின்னுட்டாரு. திருப்பிப் பாக்கறாரு, தரையில வெச்சுப் பாக்கறாரு. அப்பறம் என்ற ரெண்டு தோளையும் புடிச்சுக்கிட்டு, "நீங்களும் இடது கைங்களா?"ன்னாரு.

சத்தியமாச் சொல்றனுங்க, அந்த நிமிசம் வரைக்கும் மட்டையில இடது கை, வலது கைன்னு தனித்தனியா இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. கத்திரிக்கோலுக்கு இருக்குதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன். மட்டைக்குமா இருக்கும்? எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. இல்லீங்க, தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னா அது என்ற மூஞ்சியிலயே கரியைப் பூசிக்கற மாதிரி. தலையை மட்டும் இப்படிக் கொஞ்சம் ஆட்டுனேன்.

அந்த மனுசன் கண்ணு கலங்கிருச்சு. என்னையத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயி உக்கார வெச்சுக்கிட்டாரு. சின்ன வயசுல அவரு இடது கையில எழுதுனதுக்கு அவங்கப்பா கையைத் துணியில சுத்திக் கட்டிப்போடுவாராம். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு வெரலு மொழியிலயே பெரம்புல போடுவாராம். கம்பெனியில ஆயுத பூசைக்கு ஒரு தேங்காயைக் கூட எடுத்துக் குடுக்க விட மாட்டாங்களாம், ஆகாத கைன்னு. "சோத்துக் கையும் பேனாக் கையும் அடிச்சு மாத்திட்டாங்க. இந்த ஒரு ஆட்டத்துல மட்டுந்தானுங்க நான் நானா நிக்கறேன். இந்தக் கிளப்புல நான் ஒருத்தன்தான் எதிர்ப்பக்கம் பாத்து நிப்பேன். இன்னைக்கு ரெண்டு பேராயிட்டோம்"ன்னாரு. அப்பறம், "இனி பேசறதுக்கு என்ன இருக்குது, வெத்தலை பாக்கு மாத்திக்குவோம்"னுட்டாரு.

அன்னைக்கே என்னைய ஆடவும் வெச்சாரு. இடுப்பு வலின்னு சொல்லலாம்னு போனவன், அந்தச் சந்தோசத்துல மறந்தே போயிட்டேன். இடது பக்கமா நின்னு வீசுனேன். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, எனக்கு வலது கையிலயும் ஆடத் தெரியாது, இடது கையிலயும் ஆடத் தெரியாது. அப்ப எதுல ஆடுனா என்ன?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைப் பண்ணுன்னுவாங்க. ஆயிரம் சொன்னவனெல்லாம் நிம்மதியாத் தூங்கறானுங்க. நான் ஒரு தலையை ஆட்டுனேன், அது என்ற ஆயுசுக்கும் முடியலை. புலி வாலைப் புடிச்ச கதைதான். என்ற பொண்ணுக்கு விசயம் தெரிஞ்சு மொதல்ல சிரிச்சா, அப்பறம் அழுதா. "மாமாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கப்பா, அந்த ஊட்டுல எனக்குன்னு பேசறது அவரு ஒருத்தருதான். உங்களைய நம்பித்தான் என்னையச் சேத்துக்கிட்டாரு"ங்கறா. அப்பறம் எங்க சொல்றது?

கலியாணத்துல இலை போட்டாங்க. என்ற நல்ல நேரம், அவரே வலது கையிலதான் சாப்பிடுவாரு. நம்மளையும் அடிச்சு மாத்திட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. பதிவுக்குக் கையெழுத்துப் போடணும்னாங்க. எழுத்தையும் அடிச்சு மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம், அந்த அவசரத்துல தோணலை. நான் இடது கைக்கு ஒரு துணிக்கட்டுப் போட்டுக்கிட்டு, பட்டறையில வெட்டிருச்சுங்கன்னு சொல்லி, வலது கையில கோணல்மாணலாப் போட்டேன். அதுலயிருந்து எங்க கையெழுத்துன்னாலும் ஒரு கட்டு. பேங்குல கட்டு, நிலம் பதியப் போனாக் கட்டு. சம்பந்தி கூட ஒரு நாளைக்கு, "பேனாவைப் பாத்தாலே உங்களுக்குக் காயமாயிருது சம்பந்தி"ன்னு சிரிச்சாரு. பட்டறைன்னா அப்படித்தானுங்கன்னுட்டேன். வெள்ளந்தி மனுசன், நம்பிட்டாரு.

ஆனா அவருக்கும் வயசாகுதுங்க, கவனம் பத்தறதில்லை. டீ வெப்பாங்க பாருங்க, அவரு கப்போட காதை இடது பக்கமாத் திருப்பி வெச்சுக்குவாரு. எனக்குத் திருப்பி வெக்கறப்ப மட்டும் வலது பக்கமா வெச்சுருவாரு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் அவரு பாக்காதப்பத் திருப்பிக்குவேன். மரியாதைக்கு ஒண்ணும் சொல்றதில்லை.

ஆறு வருஷமா ஆடறனுங்க. பட்டறைப் பின்னாடி பழகிப் பாத்தேன், புதுசா மாட்டுன பஸ் கண்ணாடி ஒண்ணு போச்சு. கிளப்புல எப்பவும் நாந்தான் கடைசி. அந்த ஒல்லி மட்டையில பந்து நடுவுல பட்டாத்தான் போகும், இல்லீன்னா கையில கரண்டு அடிச்சாப்ல இருக்கும். "செட்டு அழகு, ஆட்டம் அலங்கோலம்"னு ஒருத்தரு சொன்னாரு. அதுலயும் செட்டு அழகுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு பாருங்க.

காங்கேயத்துல டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. இந்தாங்க, கடலை மிட்டாய். எடுத்துக்கங்க. ஏனுங்க கையைப் பாக்கறீங்க? ஓ, இடது கையில நீட்டிட்டனா. தப்பா எடுத்துக்காதீங்க, இதுவும் அந்தப் பழக்கத்துல வந்ததுதான். இந்தாங்க, இந்தக் கையில.

இப்ப நேத்து நடந்ததைச் சொல்றேன். விசயதசமிக்கு எங்க பேத்தி மிருதுளாவுக்கு எழுத்து ஆரம்பிக்கறதுன்னு சம்பந்தி ஊட்டுல எல்லாருங் கூடியிருந்தோம். தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி, குருக்களு உக்காந்து, கொழந்தையை மடியில வெச்சுக்கிட்டாரு. வெரலை நீட்டு கண்ணுன்னாரு. அது இடது கையை நீட்டுச்சு. மாத்தி வெச்சாரு. மறுபடி இடது கையை நீட்டுச்சு. சம்பந்தியோட அக்கா ஒருத்தரு, அந்த ஊட்டுல அவிய சொல்லுக்கு மறு சொல்லில்லை, எந்திரிச்சு வந்து பட்டுனு கொழந்தை கையில ஒண்ணு போட்டாங்க. "பொம்பளப் புள்ள, போற எடத்துல ஆகாத கைன்னு சொல்லுவாங்க. இப்பவே மாத்தணும்"னாங்க. கொழந்தை அழுகலை. கையைப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கிச்சு.

நான் தற்செயலாச் சம்பந்தியப் பாத்தேன். அம்புட்டுப் பெரிய மனுசன், ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடறவரு, அவரும் இடது கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு நிக்கறாருங்க. அக்காகிட்ட பேச முடியாம அப்படியே நிக்கறாரு. என்ற பொண்ணு என்னையப் பாக்கறா.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியலீங்க. எந்திரிச்சுட்டேன். "ஏனுங்க, நானும் இடது கைதான். நான் என்ன கெட்டா போயிட்டேன்? இந்தக் கையிலதான் பட்டறை கட்டுனேன், இந்தக் கையிலதான் உங்கூட்டுக்குப் பொண்ணைக் குடுத்தேன். ஆகாத கைன்னா அதையும் திருப்பிக் குடுத்துருங்க. பாப்பா எந்தக் கையை நீட்டுதோ அந்தக் கையில எழுதட்டும்"னுட்டேன். சாமி முன்னாடி, குருக்களு முன்னாடி, கூசாம ஒரு பொய். நானாப் பேசலைங்க, அந்தப் பழைய பொய்தான் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. நமக்கு அதுல ஒரு பெருமையும் இல்லை.

அந்தம்மா சும்மா விடுவாங்களா? "அப்ப நீங்களே புடிச்சு எழுத வையுங்க"ன்னாங்க.

செத்தேன் போங்க. ஆடப் பழகிட்டேன், டீக் கப்பைப் புடிக்கப் பழகிட்டேன், இடது கையில எழுத மட்டும் எனக்கு வரவே இல்லை. கட்டுப் போடவும் நேரமில்லை. போயி உக்காந்தேன். கொழந்தை வெரலை என்ற இடது கையில புடிச்சேன். இன்னைக்கோட எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். பொண்ணு மானம், சம்பந்தி நம்பிக்கை, எல்லாம். அரிசியில வெரலை வெச்சதும் அது பாட்டுக்கு ஓடுது. நான் ஓட்டலை. பாப்பாவுக்கு ஏற்கெனவே அவங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பா போல, அதுவே சுழிச்சு, எறக்கி, கோடு போட்டு 'அ'ன்னு முடிச்சுருச்சு. என்ற கை சும்மா மேல உக்காந்து போயிட்டு வந்துச்சு. கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா 'அ'தான். குருக்களே நல்லாருக்குன்னுட்டாரு. சம்பந்தி வெளிய போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தாரு.

இன்னைக்குக் காலையில நான் கெளம்பறப்ப அவரு இந்தப் பையைக் கொண்டாந்து குடுத்தாருங்க. "வாங்கி ரெண்டு வருஷமாச்சு சம்பந்தி, நேரம் வரட்டும்னு வெச்சிருந்தேன். பாக்கறதுக்குச் சுமாராத்தான் இருக்கும். ஆனா உங்களுக்குச் சௌகரியமா இருக்கும். இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம். பாப்பாவுக்கு வேண்டியது நேத்தே கெடைச்சிருச்சு"ன்னாரு. என்னமோ சொன்னாரு, எனக்குச் சரியாப் புரியலை. வயசைச் சொல்றாருன்னு நெனக்கறேன்.

அவரு பூசைக்குப் போனப்பறம் தொறந்து பாத்தேன். பாருங்க, நீங்களும் பாருங்க. அதே தோசைக்கரண்டி. அன்னைக்குச் சிங்கப்பூர்ல அந்தத் தம்பி காட்டுச்சே, அதே தடி, அதே குழி. இம்புட்டுச் சம்பாரிச்ச மனுசனுக்குக் கண்ணுல ஒரு ரசனை வேண்டாமா? அதாச்சும் போகட்டும். இன்னொண்ணைக் கேளுங்க. இது வலது கைச் செட்டு. ஆமாங்க. இடது கைக்காரரு, வாழ்நாளெல்லாம் இந்த ஆட்டம் ஆடுனவரு, எனக்குப் போயி வலது கைச் செட்டை வாங்கிட்டு வந்திருக்கறாரு. கையை மாத்திப் பாக்காம வாங்கியிருக்கறாரு.

யாருமில்லைன்னு தோட்டத்துல ஒரு பந்தை வெச்சு, வலது பக்கமா நின்னு ஒண்ணு அடிச்சுப் பாத்தனுங்க. டொக்குன்னு ஒரு சத்தம். கையில ஒரு வலியில்லை, அதிர்ச்சியில்லை. பந்து நேரா, நூலுப் புடிச்சாப்ல, செவுத்தைத் தாண்டிப் போயிருச்சு. ஆறு வருஷத்துல அப்படியொரு அடி நான் அடிச்சதில்லை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பயந்துபோயித் திரும்பிப் பாத்தேன். மாடியில சம்பந்தி பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நின்னாரு. ரெண்டும் கை தட்டுதுங்க. நல்லவேளை, அம்புட்டுத் தூரத்துல எந்தக் கைன்னு தெரிஞ்சிருக்காது.

என்ன பண்றதுன்னே தெரியலைங்க. இதுல ஆடவும் முடியாது, ஆடாம இருக்கவும் முடியாது. அடுத்த வாரம் கிளப்புக்கு இதைத்தான் கொண்டுவரச் சொல்லியிருக்கறாரு. நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறேன். நம்ம பட்டறையில வெல்டரு மாரப்பன் இருக்கறாரு, நல்ல வேலைக்காரரு. மட்டைத் தலையை எல்லாம் கழட்டி, எதிர்ப்பக்கம் பாத்தாப்ல திருப்பி வெச்சுப் பத்த வெச்சு, மேல ரெண்டு கோட்டு கருப்புப் பெயிண்டும் அடிச்சுட்டா ஒண்ணும் தெரியாது. பாக்கறதுக்கும் கொஞ்சம் லட்சணமா ஆயிரும். ஆடறதுக்கு எப்படியிருக்கும்னு கேக்கறீங்களா? நான் எப்ப நல்லா ஆடுனேன்?

நேராப் போயிச் சொல்லலாமேன்னு உங்களுக்குத் தோணுது, மூஞ்சியிலயே தெரியுது. நீங்களே சொல்லுங்க. ஆசை ஆசையா வாங்கி, ரெண்டு வருஷம் பீரோவுல வெச்சிருந்து குடுத்திருக்கறாரு. தப்பா வாங்கிட்டீங்க சம்பந்தின்னு எந்த வாயில சொல்றது? கூச்சத்துல ஒடுங்கிப் போயிருவாருங்க அந்த மனுசன்.

வெள்ளகோயிலு வந்துருச்சு, எறங்குங்க. பாத்து, பை தடுக்கும். எப்பவும் எதையும் பாத்துப் பாத்துச் செய்யறவரு, பாவம், இதுல மட்டும் ஏமாந்துட்டாரு. அவருக்குத் தெரியாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்.